அடி வாங்கிய பிறகு: சிங்கப்பூரில் எந்தக் கதவைத் தட்டுவது?

பக்கத்து வீட்டுக்காரர் கை நீட்டிவிட்டார். கன்னத்தில் ஓர் அறை, பிடித்துத் தள்ளியதில் முழங்கையில் சிராய்ப்பு, மருத்துவர் எழுதிக்கொடுத்த இரண்டு நாள் மருத்துவ விடுப்பு. சண்டை நடைபாதையில் இருந்த காலணி அடுக்கில் தொடங்கியிருக்கலாம், நள்ளிரவில் மேல்மாடியில் நாற்காலி இழுத்த சத்தத்தில் தொடங்கியிருக்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் குடியிருக்கும் யாருக்கும் வரக்கூடிய நிலைமைதான். இப்போது என்ன செய்வது?

சிங்கப்பூரில் இதற்கு ஐந்து வழிகள் உண்டு. போலிஸ் புகார், மாஜிஸ்திரேட் முறையீடு, சமூக மத்தியஸ்த நிலையம், துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் நீதிமன்றம், சமூகப் பூசல் தீர்வு மன்றம். நம்மவர்கள் பலரும் முதலில் ஞாபகத்துக்கு வருவதில் ஏறிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் போலிஸ்தான். படிவம் நிரப்ப உதவி கேட்டு வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது எனக்குப் பழக்கம். அந்த மேசையில் அடிக்கடி நடக்கும் உரையாடல் இது:

“தம்பி, அவன உள்ள வைக்கணும்.”

“ஐயா, வெச்சாலும் எத்தன நாளைக்கு? வெளிய வந்து அதே மின்தூக்கியிலதானே உங்களோட ஏறுவான்?”

பெரியவர் யோசிப்பார். அவருக்கு உண்மையில் வேண்டியது பல நேரங்களில் வேறாக இருக்கும். அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும், மருத்துவச் செலவைத் தர வேண்டும், இனிமேல் மனைவி தனியாக இருக்கும்போது கதவைத் தட்டக்கூடாது. இந்த மூன்றையும் ஒரே கதவு தராது. அதனால், எங்கே போவது என்பதற்கு முன்னால், என்ன வேண்டும் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

முதலில், இது குற்றமா?

குற்றம்தான். தண்டனைச் சட்டத்தின் 323ஆம் பிரிவு, வேண்டுமென்றே காயம் விளைவித்தல். அதிகபட்சம் மூன்று ஆண்டுச் சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். காயம் என்றால் ரத்தம் வர வேண்டும் என்று இல்லை, உடலில் வலி ஏற்பட்டாலே போதும். வெறும் தள்ளுமுள்ளு என்றால் 352ஆம் பிரிவு: மூன்று மாதம், 1,500 வெள்ளி. எலும்பு முறிந்தாலோ, இருபது நாள் கடும் வலியில் கிடந்தாலோ, அன்றாட வேலையைப் பார்க்க முடியாமல் போனாலோ அது கொடுங்காயம். வேண்டுமென்றே விளைவித்தது என்றால் 325ஆம் பிரிவில் பத்து ஆண்டு வரை போகும், பிரம்படியும் சேரலாம். கையில் கத்தியோ ஆபத்தான ஆயுதமோ இருந்தால் 324. ஆக, மருத்துவ விடுப்புச் சீட்டில் எழுதியிருக்கும் நாள் கணக்கும் எக்ஸ்ரேயும் வழக்கின் தலையெழுத்தையே மாற்றக்கூடியவை. “சின்ன வலிதான், மருத்துவர் எதுக்கு” என்று வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுகிறவர்கள், எந்த வழியில் போவதானாலும், தங்கள் தரப்பின் முதல் ஆதாரத்தைத் தாங்களே கைவிடுகிறார்கள்.

ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இந்த எண்கள் பழகியவையாக இருக்கும். காரணம் எளிது. 1860இல் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தைப் பார்த்துத்தான் சிங்கப்பூரும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1871இல் சட்டம் இயற்றினார்கள். 1872இல் அது நடப்புக்கு வந்தது. மோசடிக்கு 420 என்ற எண் இங்கேயும் அதேதான். வேடிக்கை என்னவென்றால், 2024 ஜூலை 1ஆம் தேதி பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் வந்தபோது இந்தியா அந்த எண்ணைக் கைவிட்டுவிட்டது. இங்கே நானூற்றிருபது இன்னும் சட்டப்படி நானூற்றிருபதுதான்.

எண் ஒன்றாக இருந்தாலும் கனம் ஒன்றல்ல. அதே அறைக்கு அங்கே பழைய 323இல் அதிகபட்சம் ஓராண்டு, ஆயிரம் ரூபாய் அபராதம். புதிய சட்டத்தில் அபராத வரம்பு மட்டும் பத்தாயிரம் ரூபாயாக ஏறியிருக்கிறது. இங்கே இரண்டு ஆண்டாக இருந்த வரம்பை 2020இல் மூன்றாக உயர்த்தினார்கள். அடி வாங்கியவர் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்து, அடித்தவர் முதலாளியாக இருந்தால் தண்டனை வரம்பு இரு மடங்கு வரை போகலாம். கடமையில் இருக்கும் அரசு ஊழியரை அடித்தால் அது தனிப் பிரிவு, ஏழு ஆண்டு வரை. கை ஒன்று, கன்னம் ஒன்று, யாருடைய கன்னம் என்பதைப் பொறுத்து ஒரு சமூகம் கணக்கை மாற்றிப் போடுகிறது. இது எனக்கு நியாயமாகவே படுகிறது. அடுத்த வீட்டுக்காரர் அறைந்தால் நம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். பணிப்பெண்ணுக்கு அந்தக் கதவும் முதலாளியுடையது.

எது குற்றம் என்பதே நகர்ந்துகொண்டிருக்கும் கோடு என்பதற்குத் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், நடந்துபோகும் எவருக்கும் தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2013 டிசம்பர் 8ஆம் தேதி அங்கே வெளிநாட்டு ஊழியர்கள் ஈடுபட்ட கலவரம் நடந்தது. 2015 ஏப்ரல் 1 முதல் மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இரவு பத்தரையிலிருந்து காலை ஏழு வரை பொது இடத்தில் குடிப்பது நாடு முழுவதும் குற்றமானது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனி வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன, அங்கே வார இறுதியில் பகலிலும் தடை. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு பிடோக்கில் திறந்த பீர் டின் ஒன்றும் செய்யாது. ரேஸ்கோர்ஸ் ரோட்டுப் புல்வெளியில் அதே டின் ஒருவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும். முன்பு அங்கே உட்கார்ந்து குடித்தவர்கள் சட்டத்தை மீறியவர்கள் இல்லை.

அந்தக் கலவரத்துக்குப் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும், போலிஸ் வழியைப் புரிந்துகொள்ள அது உதவும். 25 பேர் மீது குற்றச்சாட்டு பதிவானது. 57 பேர் நீதிமன்றம் போகாமலேயே தாயகம் அனுப்பப்பட்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காவல்துறை அறிவுரை சொல்லி வேலைக்குத் திருப்பி அனுப்பியது. யார் எந்த வரிசையில் நிற்பது என்பதை முடிவு செய்தது அரசு.

போலிஸ் புகார்: வழக்கு இனி உங்களுடையது அல்ல

புகார் கொடுப்பது எளிது. இணையத்தில் கொடுக்கலாம், அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்கு நேரில் போகலாம், ஆபத்து கண்முன் இருந்தால் 999. காசு கிடையாது. விசாரணை அதிகாரி வாக்குமூலம் எடுப்பார். ஆங்கிலம் புரியாதவருக்கு அவருக்குத் தெரிந்த மொழியில் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். இதைச் சட்டமே சொல்கிறது. “சரி சரி, போடுறேன்” என்று அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாமல், இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுத் திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

புகார் கொடுத்தவர்களில் பலருக்கு அதிர்ச்சி தருவது அதற்குப் பிறகு நடப்பதுதான். குற்றம் என்று ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால், அது அரசுக்கு எதிராகச் செய்யப்பட்டது என்பது இந்தச் சட்ட முறையின் அடிப்படை. வழக்கின் தலைப்பில் உங்கள் பெயர் வராது, நீங்கள் ஒரு சாட்சி. குற்றம் சாட்டுவதா, எச்சரித்து விடுவதா, நடவடிக்கை வேண்டாம் என்று மூடுவதா என்பதை அரசாங்க வழக்கறிஞர் தீர்மானிப்பார். அரசியலமைப்பின் 35(8)ஆம் பிரிவு அந்த அதிகாரத்தை, அரசாங்க வழக்கறிஞராகவும் இருக்கும் தலைமைச் சட்ட அதிகாரியிடம் கொடுத்திருக்கிறது.

முதல் தடவை, சிறு காயம், முன்பு எந்தக் குற்றமும் இல்லாதவர் என்றால் கடும் எச்சரிக்கையோடு முடிவது சாதாரணமாக நடப்பது. எச்சரிக்கை என்பது தீர்ப்பு அல்ல. அதற்குச் சட்ட விளைவு எதுவும் இல்லை, அவர் குற்றம் செய்தார் என்று யாரும் முடிவு செய்துவிட்டதாகப் பொருளில்லை என்று உயர் நீதிமன்றம் 2015இல் சொல்லியிருக்கிறது. அறைந்தவர் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வார், உங்களுக்கு ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ வரும். அவ்வளவுதான். மாதக்கணக்கில் காத்திருந்து இதைக் கேட்டவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

குற்றம் சாட்டி, அபராதமும் விதித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். உங்கள் மருத்துவச் செலவுக்கு நீதிமன்றம் தனியாக இழப்பீட்டு ஆணை போடலாம். போடுவதைப் பற்றி நீதிபதி கட்டாயம் யோசிக்க வேண்டும் என்றும், போடவில்லையென்றால் காரணம் சொல்ல வேண்டும் என்றும் 2018 சீர்திருத்தத்தில் வந்தது. நல்ல மாற்றம் இது. அதனால் ரசீதுகளை விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவையுங்கள். கேட்காமல் எவரும் உங்கள் பையைத் துழாவிப் பார்க்கப் போவதில்லை.

இன்னொரு பெரிய தவறான நம்பிக்கை, “கேஸ் குடுத்து மெரட்டுவோம், அப்புறம் வாபஸ் வாங்கிக்கலாம்.” இங்கே அப்படி நடக்காது. 323 சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இருப்பது உண்மைதான். ஆனால் விசாரணை தொடங்கிவிட்டாலோ குற்றச்சாட்டு பதிவாகிவிட்டாலோ, இருவரும் கைகுலுக்கிக்கொண்டாலும் அரசாங்க வழக்கறிஞரின் சம்மதம் வேண்டும். சமரசத்துக்கு இடமில்லாத குற்றத்தில் பணம் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வது, வாங்கியவருக்கே குற்றமாகிவிடும். மிரட்டுவதற்காகக் கதையைக் கூட்டிச் சொன்னால் பொய்ப் புகார் கொடுத்த குற்றமும் உண்டு.

இவ்வளவு சொன்னாலும், சில நேரங்களில் போலிஸைத் தவிர வேறு வழியைப் பேசுவதே தப்பு. ஆயுதம் இருந்தால், எலும்பு உடைந்தால், குழந்தையையோ முதியவரையோ அடித்தால், பாலியல் நோக்கம் இருந்தால், இரண்டாவது முறை நடந்தால் போலிஸ்தான். அங்கே சமரசம் பேச வரும் “பெரிய மனுஷன்” யாராக இருந்தாலும், சங்கத்துத் தலைவராகவே இருந்தாலும், கும்பிட்டு வழியனுப்பிவிடுங்கள்.

மாஜிஸ்திரேட் முறையீடு: கடிவாளம் உங்கள் கையில், செலவும் உங்கள் தலையில்

போலிஸ் “இதுக்கு நீங்க மாஜிஸ்திரேட்கிட்ட போங்க” என்று சொன்னால் பலர் கை கழுவிவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். பாதி உண்மைதான். வாரன்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத சிறு குற்றங்களில் காவல்துறை புகார்தாரரை அந்தப் பக்கம் அனுப்புவதற்குச் சட்டத்திலேயே இடமுண்டு. ஆனால் அந்தக் கதவு வெறும் ஒப்புக்கு வைத்தது அல்ல. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 151ஆம் பிரிவின்படி, ஹேவ்லாக் ஸ்கொயரில் உள்ள அரசு நீதிமன்றங்களில் இருபது வெள்ளி கட்டி முறையீட்டைப் பதிவு செய்யலாம். மாஜிஸ்திரேட் உங்களைச் சத்தியப் பிரமாணத்தின்மேல் விசாரிப்பார். பிறகு அவர் முன்னால் நான்கு வழிகள்: போலிஸை விசாரிக்கச் சொல்லலாம், எதிர்த் தரப்புக்கு அழைப்பாணை அனுப்பலாம், இருவரையும் சமரசத்துக்கு அனுப்பலாம், முகாந்திரமில்லை என்று தள்ளுபடி செய்யலாம்.

அக்கம்பக்கத்துச் சண்டை என்றால் மூன்றாவதுதான் அதிகம். இந்த வழியின் பயன் எனக்குத் தெரிவது அங்கேதான். சமூக மத்தியஸ்த நிலையம் கடிதம் போட்டு அழைத்தால் குப்பையில் போடுகிற ஆள், நீதிமன்றத்திலிருந்து வந்த தாளைப் பார்த்தால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். அங்கே, ஒரு சமாதான நீதிபதியின் முன்னால், “கோவத்துல கை வெச்சுட்டேண்ணே” என்ற ஒரு வரி வெளியே வந்துவிட்டால் பாதி வழக்கு முடிந்தது.

வரவில்லையென்றால் கஷ்டம். சமரசம் முறிந்து நீங்கள் வழக்கைத் தொடர்ந்தால் அது தனிநபர் தொடுக்கும் குற்ற வழக்கு. மூன்றாண்டுக்கு மேல் சிறை போகாத குற்றங்களுக்கு இது முடியும், 323 அந்த எல்லைக்குள் வருகிறது. ஆனால் குற்றச்சாட்டை எழுதுவதிலிருந்து சாட்சியை நிறுத்துவது வரை எல்லாம் உங்கள் வேலை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். வழக்கறிஞர் வைத்தால் அவருக்கு ஆகும் செலவு நீங்கள் கேட்கும் இழப்பீட்டைவிடப் பல மடங்கு போகும். தலைமைச் சட்ட அதிகாரி வழக்கைத் தன் கையில் எடுத்து நிறுத்திவிடவும் முடியும். ரோஷத்துக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா? நான் யாரையும் போகச் சொன்னதில்லை. சமரச மேசை வரை இழுத்துவர மட்டும் இதைப் பயன்படுத்தலாம். இருபது வெள்ளிக்கு அது மலிவு.

சமூக மத்தியஸ்த நிலையம்

1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்தது, முதல் நிலையம் அடுத்த ஆண்டு திறந்தது. கட்டணம் பெயருக்குத்தான். மத்தியஸ்தர்கள் தொண்டூழியர்கள், தமிழ் பேசுபவரைக் கேட்கலாம். உள்ளே பேசுவது வெளியே ஆதாரமாகப் போகாது, அதனால் மனம் விட்டுப் பேசலாம். இங்கே மட்டும்தான் காலணி அடுக்கைப் பற்றியும் பேச முடியும். நீதிமன்றத்துக்கு அறைதான் விஷயம், அடுக்கு இல்லை. உங்களுக்கோ இரண்டு வருடமாக உறுத்துவது அடுக்குதான்.

இதன் பலவீனத்தை நம் சமூகம் நன்றாகவே அறியும். 2011இல் வெளியான கறி விவகாரத்தை மறந்திருக்க மாட்டீர்கள். சீனாவிலிருந்து புதிதாக வந்த குடும்பம், பக்கத்து இந்தியக் குடும்பம் சமைக்கும் கறிக்குழம்பின் வாசம் தாங்கவில்லை என்று முறையிட்டது. மத்தியஸ்தத்தில் முடிவானது: அவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் கறி சமைப்பது, பதிலுக்கு அவர்களும் ஒருமுறை கறியைச் சுவைத்துப் பார்ப்பது. சில ஆண்டுகள் கழித்துச் செய்தி வெளியே வந்தபோது ஊரே கொதித்தது. ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீனர், மலாய்க்காரர் உட்பட ஆயிரக்கணக்கானோர் வேண்டுமென்றே வீட்டில் கறி வைத்தார்கள். மத்தியஸ்தர் திணித்த தீர்வல்ல, இரு தரப்பும் மனமொப்பிச் செய்ததே என்று பின்னர் விளக்கம் வந்தது.

விளக்கம் சரியாகவே இருக்கட்டும். மத்தியஸ்தத்தில் சரி, தவறு என்று தீர்ப்பு இல்லை, ஒத்துப்போவது மட்டுமே உண்டு. யார் விட்டுக்கொடுக்கும் சுபாவமோ அவர்தான் அதிகம் விட்டுக்கொடுப்பார். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் அந்த ரகம். அதனால் ஒரு கறிக்கும் ஓர் அறைக்கும் உள்ள வேறுபாட்டை மறக்காமல் உள்ளே போங்கள். சமையல், சத்தம், செடித்தொட்டி, சாம்பிராணிப் புகை எல்லாம் பேசி முடிக்க வேண்டியவை. கை நீட்டியதைப் பேசும்போது, “நானும் கொஞ்சம் சத்தமாத்தான் பேசினேன்” என்று நீங்களாகவே பாதியை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளத் தேவையில்லை. எழுதிக் கையெழுத்திட்ட உடன்பாட்டை அவர் மீறினாலும் அதற்காக எவரும் வந்து அவரைக் கைது செய்யப்போவதில்லை என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

பூசல் தீர்வு மன்றம் பற்றிச் சுருக்கமாக

2015 அக்டோபரிலிருந்து இருக்கிறது. அதே கட்டடத்திலோ 100 மீட்டருக்குள்ளோ குடியிருப்பவர் உங்கள் வீட்டு நிம்மதியைக் குலைத்தால் இங்கே போகலாம். 20,000 வெள்ளி வரை இழப்பீடு, செய்யாதே என்ற தடை, மன்னிப்புக் கேட்கும்படி ஆணை என்று இதன் கையில் பல கருவிகள். பொதுவாக வழக்கறிஞர் வர முடியாது. தீராத சத்தத்துக்கும் புகைக்கும் உரிய இடம். ஒரே ஓர் அறைக்கு இங்கே வருவது பொருந்தாது. அடி என்பது நீண்ட பூசலின் கடைசிக் காட்சியாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். தெம்பனிசில் இருப்பவர்களுக்கு 2025இலிருந்து சமூக உறவுப் பிரிவு என்று ஒன்று முன்னோட்டமாக வந்திருக்கிறது. கடுமையான சத்தத் தொல்லையில் அதன் அதிகாரிகளே இறங்கி விசாரிப்பார்கள்.

பாதுகாப்பு ஆணை: நடந்ததற்கு அல்ல, நடக்கப்போவதற்கு

பெரியவர் சொன்னவற்றில் மூன்றாவது, “இனிமே என் பொண்டாட்டி தனியா இருக்கும்போது கதவத் தட்டக்கூடாது” என்பது. அதற்கு இந்தக் கதவுதான். துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014இல் வந்தது. அதற்கென்றே தனி நீதிமன்றம் 2021 ஜூன் 1இல் தொடங்கியது. கேட்பது தண்டனை இல்லை, ஆணை: இன்னதைச் செய்யாதே, இவரிடம் பேசாதே, செய்தி அனுப்பாதே. அதனால் நிரூபிக்கும் சுமையும் குறைவு. சந்தேகத்துக்கு இடமில்லாமல் என்ற உயரம் இல்லை, இரண்டில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்ற அளவு போதும். அவர் மீண்டும் செய்யக்கூடும் என்பதையும் காட்ட வேண்டும். கதவைத் தட்டிய கண்காணிப்புக் காட்சி, வாட்ஸ்அப்பில் வந்த வசவு, இவையெல்லாம் இங்கே கனமானவை.

வேகமும் உண்டு. அவசர ஆணைக்கான மனுவை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் விசாரிப்பது இலக்கு, வன்முறை அபாயம் இருந்தால் 24 மணி நேரம். ஆணையை மீறினால் அது குற்றம்: 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. எனக்குப் பிடித்த அம்சம் இதுதான். முதல் தடவையில் அவர்மேல் குற்றவாளி என்ற முத்திரை விழாமல், அடுத்த முறை மட்டும் விழும்படி கோடு போட்டுவைக்கிறது. அதே புளோக்கில் இன்னும் பத்து வருடம் குடியிருக்கப் போகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு ஒத்துவரும். குறை என்னவென்றால், ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், பிள்ளைகளோ சட்ட உதவி நிலையமோ பக்கத்தில் இல்லாத முதியவருக்குப் படிவமே மலையாகத் தெரியும்.

இந்த ஒப்பீடு பொருந்தாத இரண்டு இடங்கள்

அடித்தவர் கணவர், மகன், மாமியார் என்றால் மேலே சொன்ன எதையும் எடைபோட வேண்டாம். குடும்ப நீதிமன்றத்தில் தனிநபர் பாதுகாப்பு ஆணை கேட்கலாம், மனுக் கட்டணம் ஒரு வெள்ளி. 2025 ஜனவரி 2 முதல் நடப்புக்கு வந்த திருத்தங்களின்படி மனத்தளவில் கொடுமைப்படுத்துவதும் குடும்ப வன்முறை என்று வெளிப்படையாகச் சேர்ந்துவிட்டது, பதினெட்டு வயதிலேயே தானாக மனுச் செய்யலாம். 1800-777-0000 என்ற வன்முறைத் தடுப்பு உதவி எண் இரவு பகல் எப்போதும் இயங்கும்.

தங்கும் விடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களின் நிலை வேறு. இங்கே அடி வாங்கியவருக்குத் தண்டனையைவிட வேலை அனுமதிச் சீட்டுதான் பெரிய கவலை. “ஊர்க்காரன்தானேடா, விட்டுடு, போலிஸ் போனா ரெண்டு பேரையும் அனுப்பிடுவாங்க” என்று அறைத்தோழர்கள் சொல்வார்கள். மேற்பார்வையாளர் அடித்திருந்தால் இன்னும் நெருக்கடி. சாட்சியாகத் தேவைப்படுபவரை வழக்கு முடியும்வரை சிறப்பு அனுமதியில் இங்கேயே இருக்க வைப்பார்கள். அந்தக் காலத்தில் சம்பளம் என்ன ஆகும் என்பதுதான் அவர் கேள்வி. மனிதவள அமைச்சின் அனுமதியோடு தற்காலிக வேலை செய்ய ஏற்பாடு உண்டு. ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்க யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரே சட்டம்தான், குடியுரிமை உள்ளவர் வீவக வீட்டில் உட்கார்ந்து ஐந்து கதவுகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார், இவருக்குக் கண்முன் தெரிவது விமான நிலையக் கதவு ஒன்றுதான். சமரசம் என்று அங்கே நடப்பது பெரும்பாலும் பயம். அதனால் விடுதியில் அடிபட்டவரிடம் நான் மத்தியஸ்தத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. மருத்துவமனை, போலிஸ், பிறகு ஊழியர்களுக்கு உதவும் தொண்டு அமைப்பு என்ற வரிசையில்தான் சொல்வேன்.

காலணி அடுக்கு வழக்குக்கு என் தேர்வு

முதல் அறை, இரண்டு நாள் விடுப்பு, எலும்பு முறியவில்லை, ஆயுதம் இல்லை. அன்றே மருத்துவரிடம் போய், “கீழே விழுந்துட்டேன்” என்று சொல்லாமல் நடந்ததைச் சொல்லிச் சீட்டு வாங்குவேன். அன்றே போலிஸில் ஒரு புகார் பதிவேன். தேதியும் நேரமும் உறுதியான ஒரு பதிவு இருக்கட்டும் என்பதற்காக, நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல். அவர்கள் வழக்கை எடுத்துக்கொண்டால் அவர்கள் போக்கில் விட்டுவிடுவேன், ரசீதுகளை மட்டும் கொடுத்துவைப்பேன். மாஜிஸ்திரேட்டிடம் போங்கள் என்றால் இருபது வெள்ளி கட்டி, சமரச மேசையில் மூன்று விஷயம் கேட்பேன்: மன்னிப்பு, மருத்துவச் செலவு, அடுக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதில் எழுத்துமூல உடன்பாடு. மிரட்டல் தொடர்ந்தால் பாதுகாப்பு ஆணை. இரண்டாவது தடவை கை நீட்டினால் மத்தியஸ்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை, 999தான்.

நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் வரிசையில் நிற்பது உங்கள் விருப்பம். அவர் எழுதும் கடிதம் உரிய அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். யார்மீது குற்றம் சாட்டுவது என்பதை அந்தக் கடிதம் முடிவு செய்யாது. அதைவிட அவசரமானது மின்தூக்கிக் கூடத்துக் கண்காணிப்புக் கேமரா. பழைய பதிவுகள்மேல் புதியவை ஏறிவிடும். எந்தக் கேமரா, எத்தனை மணிக்கு என்று புகாரிலேயே எழுதிவிடுங்கள். எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா எட்டிப் பார்த்திருந்தால், சாட்சி சொல்ல வருவாரா என்று இன்றே கேட்டுவையுங்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால், அவருக்கும் இரண்டு பேரோடும் ஒரே மின்தூக்கிதான்.